காய்க்காத தோட்டத்தின் வருமானம்

வேப்பனப்பள்ளி
3.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எட்சன் எழுதுவது. இங்கே நானும் சரிதாவும் நலம். ஓசூரில் நீயும் மாமாவும் பாப்பா டெல்சியும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். மழை விட்டுவிட்டது. மரங்கள் பச்சையாக நிற்கின்றன.

போனில் விஷயத்தைச் சொல்லத்தான் தொடங்கினேன். இன்கம் டாக்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நீ கத்த ஆரம்பித்துவிட்டாய். போனில் உன் பேச்சுக்கு நடுவில் யாரும் நுழைய முடியாது. கடிதம் என்றால் முடிவு வரை படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

தோட்ட வேலையோடு சூளகிரிப் பக்கம் பிளாட் விற்றுக் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் காடு கழனியை வாங்கி லேஅவுட் போடுகிறார். ஆள் பிடித்துக் கொடுத்தால் எனக்குக் கமிஷன், எல்லாம் ரொக்கம். போன வருஷக் கணக்கில் முப்பத்தாறு லட்சம் வந்தது. பாங்கில் போட்டேன். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, மாந்தோட்டத்தில் வந்ததாகக் காட்டிவிடலாம் என்று ஆடிட்டர் சொன்னார். காட்டினேன். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

இப்போது வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது. நான்கு ஏக்கர் மாந்தோட்டத்தில் இவ்வளவு வருமா என்று கேட்கிறார்கள். அப்பா தோட்டத்தை நம் இரண்டு பேர் பெயரிலும் விட்டுப் போனதால் பட்டா கூட்டாக இருக்கிறது. அதனால் கூட்டுப் பட்டாதாரரான நீயும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "விளைச்சல் வந்தது, வருமானம் முழுவதையும் தம்பியே எடுத்துக்கொண்டார்" என்று ஆடிட்டர் தயார் செய்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

பாப்பா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கச் சரிதா காஞ்சிபுரம் போகலாம் என்கிறாள். தாய்மாமன் சீரில் குறை வைக்க மாட்டேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
எட்சன்


ஓசூர்
9.11.2025

எட்சனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. எனக்காக மாதாவை வேண்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். பொய்க் கையெழுத்துக் கேட்கிற கடிதத்துக்குள் மாதாவை இழுக்காதே.

உன் கடிதத்தைக் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சிப்காட்டில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். லைனில் நின்று பாகம் அளந்தவள் இன்று குவாலிட்டி மேனேஜர். இத்தனை வருஷத்தில் என் சம்பளத்தை முழுசாக நான் கையில் வாங்கியதே இல்லை. சம்பளச் சீட்டில் மேலே ஒரு தொகை இருக்கும், கீழே ஒரு தொகை இருக்கும். மேலே இருப்பது ஊருக்குச் சொல்லிக்கொள்ள, கீழே இருப்பது சாப்பிட. நடுவில் போனது போனதுதான். என்னிடம் கேட்டுக்கொண்டா எடுத்தார்கள்?

நீ எந்த வருஷத்துக்குக் கணக்குக் காட்டினாய் என்று தாளைப் பார்த்தேன். 2024 கோடை. அட பாவி, அந்தக் கோடையா கிடைத்தது உனக்கு? பூ கருகியது. தப்பிய பிஞ்சும் உதிர்ந்தது. மரமாவது பட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அந்தத் தண்ணீருக்குப் பணம் என் போனஸ். வரி பிடித்தது போக மிஞ்சிய போனஸ். அன்றைக்கு உன் பாங்கில் லட்சம் லட்சமாக விழுந்துகொண்டிருந்தது என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் மறந்துவிட்டாய். மாங்காய் அடியோடு போய்விட்டது, நிவாரணம் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தாயே, அதில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பஸ் ஏறி ஓசூர் வரை வந்தாயே. போட்டேன், ஏனென்றால் அது உண்மை. ஒரே தோட்டம், ஒரே கோடை. ஒரு ஆபீசில் போய் அழுதாய், இன்னொரு ஆபீசில் கொட்டோ கொட்டென்று கொட்டியதாக எழுதிக் கொடுத்தாய். இரண்டிலும் நான் கையெழுத்துப் போட வேண்டுமா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கேட்கிறவருக்கு மதி இருக்கிறது, அதனால்தான் உனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று இருக்க என்னால் முடியாது. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒழுங்காகப் போய் உண்மையைச் சொல்லி வரியைக் கட்டு.

அக்கா,
லிபியா


வேப்பனப்பள்ளி
17.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சரிதா படிக்கவேண்டாம் என்று ஒளித்து வைத்தேன். அட பாவி என்று எழுதியிருக்கிறாய். அப்பா கூட என்னை அப்படிச் சொன்னதில்லை.

மனு விஷயத்தை நான் மறந்தது உண்மைதான். ஆடிட்டர் பெங்களூர்க்காரர். மாங்காய் மரத்தில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்றே அவருக்குத் தெரியாது. அந்த வருஷம் காய்த்ததா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனு எந்த மூலையில் கிடக்கிறதோ. நிவாரணம் என்று ஒரு பைசா வரவில்லை. வராத பணத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?

இந்த வரியைப் பற்றிப் பேசுவோம். யார் கட்டுகிறார்கள் சொல். மண்டிக்காரன் கட்டுகிறானா? ரொக்கமாக ஃபீஸ் வாங்கும் டாக்டர் முழுசாகக் காட்டுகிறாரா? தளியில் பசுமைக் குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவன் பிப்ரவரி மாதம் காதலர் தினத்துக்கு விமானத்தில் பூ அனுப்பி உன் பத்து வருஷச் சம்பளத்தைச் சம்பாதிக்கிறான். அவனுக்குச் சட்டமே வரி இல்லை என்கிறது. அகப்பட்டவள் நீ ஒருத்தி. உன் பணம் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் வருகிறது, அதனால் வாசலிலேயே பிடிக்கிறார்கள். இதுவா நியாயம்?

லாபம் வந்தால் பங்குக்கு வருகிற சர்க்கார் நஷ்டத்தில் பங்குக்கு வந்ததா? நீயே எழுதியிருக்கிறாய், டேங்கர் தண்ணீர் நாம் ஊற்றினோம் என்று. மரம் காய்ந்தபோது எட்டிப் பார்க்காதவனுக்குப் பணம் வந்தபோது மட்டும் மூக்கு வேர்க்கிறது. இந்த வரியையே தூக்கிப் போட்டுவிட வேண்டும். கடையில் வாங்கும்போது வாங்கிக்கொள்ளட்டும். கார் வாங்குகிறவன் காருக்குக் கட்டட்டும், நகை வாங்குகிறவன் நகைக்குக் கட்டட்டும். யாரும் தப்ப முடியாது, யாரும் பொய் சொல்லவும் வேண்டாம்.

இது என் பேச்சு இல்லை. ஈஸ்டர் அன்று நம் வீட்டில் பிரியாணித் தட்டோடு நீ பேசியதுதான். வருமான வரியை ஒழிக்காமல் இந்த நாட்டில் யோக்கியன் பிழைக்க முடியாது என்றாய். மாமா கூடத் தலையாட்டினார். இப்போது தம்பி என்றதும் சட்டம் பேசுகிறாய்.

யோக்கியம் பேசும் அக்காவுக்கு ஒரு கேள்வி. நீங்கள் இருப்பது மாமாவின் அம்மா வீடு. அவங்களுக்கு மாதாமாதம் வாடகை கொடுக்கிறதாகக் கம்பெனியில் ரசீது கொடுத்து வரியைக் குறைத்துக்கொண்டாயே, அந்த வாடகையை அவங்க கண்ணால் பார்த்தார்களா? மாமாவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னதுதான். உன்னுடையது சாமர்த்தியம், என்னுடையது திருட்டா?

தாளை மறுபடி அனுப்பியிருக்கிறேன். கோபம் தணிந்ததும் கையெழுத்துப் போடு.

தம்பி,
எட்சன்


ஓசூர்
30.11.2025

எட்சனுக்கு,

வாடகை ரசீது பற்றி நீ எழுதியது உண்மை. என் ஆபீசில் ஜனவரி வந்தால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்தேன். நீ கேட்ட கேள்வி சுருக்கென்று குத்தியது. மறுநாளே கணக்கைத் திருத்தி, வட்டியோடு கட்டிவிட்டேன். உன் மாமாவுக்கும் எனக்கும் அதில் பெரிய சண்டை. இனி அந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்க முடியாது.

ஈஸ்டர் அன்று பேசியதையும் நான் மறுக்கவில்லை. இந்த வரி நியாயமாக வசூலாகவில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தளி ரோஜாக்காரருக்கு வரி இல்லை என்பதில் எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அவர் பூ வளர்க்கிறார். சட்டம் அவரை விட்டால் நான் சட்டத்தோடுதான் சண்டை போட வேண்டும். நீ என்ன வளர்த்தாய்? கேழ்வரகு விளைந்த காட்டில் கல் நட்டுக் கூறு போட்டு விற்றாய். விவசாயத்தை ஒழித்து வந்த பணத்துக்கு விவசாய வருமானம் என்று பெயர் வைத்தாய்.

கடையில் வரி வாங்கினால் போதும் என்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் லைனில் கவிப்ரியா என்று ஒரு பெண், விழுப்புரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிக் கான்ட்ராக்டில் வேலை செய்கிறாள். அவளுடைய சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. உன் கடிதம் வந்த வாரம் அவளிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். "கடையில நாங்க இப்பவே கட்டிக்கிட்டுதான மேடம் இருக்கறோம். போனுக்கு ரீசார்ஜ் போட்டா உங்களுக்குப் புடிக்கிறதுதான் எனக்கும் புடிக்கிறாங்க" என்றாள். வருமான வரியைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் கடையில் வாங்கினால், நான் கட்டாத பங்கை அவள் கட்டுவாள். அவள் சம்பாதிப்பதெல்லாம் கடைக்கே போகிறது. உன் பணம் நிலமாகவும் காராகவும் நிற்கிறது. யாரும் தப்ப முடியாது என்றாயே, அவள்தான் தப்ப முடியாதவள்.

அதனால் இந்த வரி இருக்கட்டும் என்று நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். நஷ்டத்துக்கு வராத சர்க்கார் லாபத்துக்கு ஏன் வருகிறது என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி. என்றைக்காவது மாங்காய்க்கு வரி கேட்டால் அதைக் கேள், உன்னோடு வந்து நானும் கேட்கிறேன். பிளாட் கமிஷனில் உனக்கு என்ன நஷ்டம் வந்தது? நீ கட்டாமல் விட்டதையும் சேர்த்துத்தான் என்னைப் போன்றவர்களிடம் பிடிக்கிறார்கள். இருபது வருஷமாக யார் மேல் கோபம் என்று தெரியாமல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஆள் தெரிந்துவிட்டது. என் கூடப்பிறந்தவன்.

இன்னொரு செய்தி. எனக்கும் வரி அலுவலகத்திலிருந்து நேராகவே கடிதம் வந்துவிட்டது. அந்த வருஷம் தோட்டத்தில் என்ன விளைந்தது, உங்களுக்கு என்ன பங்கு வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். டிசம்பர் பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். இனி வாயை மூடிக்கொண்டு இருக்கவும் எனக்கு வழியில்லை. அதற்கு முன்னால் நீயே போய் ஒப்புக்கொண்டால் எனக்கு எழுத வேலை இருக்காது. தம்பி, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா,
லிபியா


வேப்பனப்பள்ளி
8.12.2025

அக்கா,

நான் போகவில்லை. போகவும் மாட்டேன். ஆடிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரியும் அபராதமும் சேர்ந்தால் காரை விற்றாலும் அடையாது. சரிதா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நம் தெருவில் ராமப்பன் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு செண்ட் கொடுத்தார்களா? அப்பா உன் பெயரையும் பட்டாவில் சேர்த்தபோது ஊரே என்னைக் கேட்டது, சும்மா விட்டியாடா என்று. எங்க அக்கா என்றேன். அந்த நிலத்தை வைத்தே இப்போது என் கழுத்தை அறுக்கிறாய்.

கவிப்ரியா யார்? நேற்று வந்தவள். அவளுக்காக உனக்கு மனசு இரங்குகிறது. ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு இரங்கவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். விளைந்தது என்று எழுதிக் கொடு. இல்லை என்று எழுதினால் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி டெல்சிக்கு மாமன் மாலை போட வேறு ஆளைப் பார்த்துக்கொள். தாய்மாமன் மாலை போடாமல் நம் ஊரில் எந்தப் பெண்ணும் கோயில் படி ஏறியதில்லை. அந்த அவமானம் உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

எட்சன்


ஓசூர்
15.12.2025

அன்புள்ள எட்சனுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன். 2024 கோடையில் தோட்டத்தில் காய் பிடிக்கவில்லை, எனக்குப் பங்கு எதுவும் வரவில்லை, மரத்துக்குத் தண்ணீர் வாங்க நான்தான் பணம் அனுப்பினேன் என்று எழுதினேன். உன்னைப் பற்றி வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. பிளாட் பற்றியும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

அங்கே இருந்தது வயதில் சின்னவரான ஒரு பெண் அதிகாரி. படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். தம்பி மேல் சொத்துத் தகராறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் ஏம்மா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இதை அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாரா, இரக்கப்பட்டுக் கேட்டாரா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். டெல்சி மட்டும், எட்சன் மாமா வருவாரா என்று கேட்டாள். எல்லாக் கோபத்தையும் அவள் மேல் காட்டி அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கல்யாணப் பெண்.

உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்று எழுதினாயே. தட்டு ஒன்றுதான் எட்சன், ஆனால் டேங்கர் தண்ணீருக்குப் பணம் கேட்ட அன்று நீ என்னை ஏமாற்றினாய். வரியில் ஏமாற்றியதைக் கூட நான் மறந்துவிடுவேன். அதை மறக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு வா. பட்டு வேண்டாம், சங்கிலி வேண்டாம், ஒரு முழம் பூ கட்டின மாலை போதும். வெறுங்கையோடு வருவதற்கு வெட்கப்படாதே. வரி கட்டிவிட்டு வருகிறவன் கை அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் நம் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நான் அந்தக் கையோடுதான் வந்தேன்.

உன் அக்கா,
லிபியா


வேப்பனப்பள்ளி
19.1.2026

லிபியா அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நீ எழுதிக் கொடுத்தபின் வேறு வழியில்லை. போய் ஒப்புக்கொண்டேன். காரை விற்று முதல் தவணை கட்டியாயிற்று. மீதிக்குச் சரிதாவின் நகை பாங்கில் இருக்கிறது. இப்போது என்னிடம் வந்து கேள், வருமான வரி நியாயமா என்று. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வயிறு எரிந்தது. வருகிற வழியில் நம் ஊர் வளைவில் இருக்கும் ரோட்டுப் பள்ளத்தில் பைக் இறங்கியது. இத்தனை நாள் அதைச் சுற்றித்தான் போவேன். அன்றைக்குப் பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, யூனியன் ஆபீசுக்குப் போய் என் பணம் எங்கேடா என்று கத்தினேன். என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அங்கிருந்து அத்திப்பள்ளிக்காரரைப் பார்க்கப் போனேன். கமிஷன் கொடுத்த கணக்கை நீங்களும் காட்ட வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் "ஏனூ ஆகல்ல" என்றார். ஒன்றும் ஆகாதாம். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. நான் சம்பாதித்ததைப் போல நூறு மடங்கு சம்பாதித்த ஆள். அவர் நிலத்தில் கூட்டுப் பட்டா கிடையாது, உண்மை பேசுகிற அக்காவும் கிடையாது. உன் நியாயம் யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று யோசித்துப் பார்.

தண்ணீர்ப் பணம் பற்றி நீ எழுதிய வரிகளைச் சரிதாவிடம் காட்டவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலையில் கோயிலுக்கு வந்துவிடுவேன். பூ மாலை கிருஷ்ணகிரியில் சொல்லிவிட்டேன். டெல்சிக்குத் தாய்மாமனாக வந்து நிற்பேன், மாலை போட்டுப் படி ஏற்றிவிடுவேன். உனக்குத் தம்பியாக வரவில்லை. கோயிலில் என் பக்கத்தில் வந்து பேசாதே அக்கா, என்னால் தாங்க முடியாது.

எட்சன்